உருப்பெருக்கத்தின் விலை

அமெரிக்காவில் மான் வேட்டைக்குச் செல்வோரின் துப்பாக்கித் தொலைநோக்கிகளில் '3-9×40' என்ற குறியைப் பரவலாகக் காணலாம். உருவத்தை 3 முதல் 9 மடங்கு வரை பெருக்கலாம். முகப்பு வில்லையின் விட்டம் 40 மி.மீ. என்பது அதன் பொருள். மடங்கு கூடுவது ஆதாயம் மட்டுமே எனப் பலர் எண்ணுகின்றனர். பொருளியல் பயிற்றுவித்த எனக்கோ அதற்குரிய விலையும் தெரிகிறது.

40-ஐ மடங்கால் வகுத்தால் கண்ணை வந்தடையும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும். 4 மடங்கில் அது 10 மி.மீ.; 9 மடங்கில் ஏறத்தாழ 4.4 மி.மீ. இளவயதினரின் கண்மணி இருளில் 7 மி.மீ. வரை விரியக்கூடும். எனவே அந்திப் பொழுதில் 9 மடங்கு காட்சியை மங்கச் செய்யும். பார்வைப் பரப்பையும் சுருக்கும்.

பகலொளியில் அசையாது நிற்கும் இலக்குப் பலகைக்கு அந்த விலையைக் கொடுக்கலாம். மங்கிய ஒளியில் நகரும் மானுக்கு அது பொருந்தாது. குறி பிசகினால் அவ்வுயிர் காயத்துடன் ஓடி, வதைபட்டு மடியும். வேட்டையில் குறைந்த மடங்கிலிருந்து தொடங்குவது சிக்கனம் மட்டுமன்று, அறமும் ஆகும்.