எச்சத்தில் வைரஸ் இருந்தாலே நோயா?

கறிக்கோழிக் குஞ்சு பொரிக்கும்போது அதன் எடை ஏறக்குறைய 40 கிராம். ஆறு வாரத்தில் அது இரண்டு கிலோவைத் தொட்டாக வேண்டும். தின்ற தீவனம் சதையாக மாறுவது குடலின் வேலை என்பதால், முதல் இரண்டு வாரங்களில் அங்கே வைரஸ் தொற்றிவிட்டால் கோழி சாகாமலேயே பண்ணையாளர் நஷ்டப்படுகிறார். ஒரே பேட்சில் சில குஞ்சுகள் வளர்ந்தும் சில குன்றியும் நிற்கும். எச்சம் தண்ணீராகப் போய்க் கூளம் நசநசக்கும். ரோட்டா, ரியோ, ஆஸ்ட்ரோ, பார்வோ எனப் பல வைரஸ்கள் மேல் சந்தேகம் விழுகிறது. உடனே எச்சத்தைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்வார்கள். அனுப்ப வேண்டியதுதான். ஆனால் வைரஸைக் கண்டுபிடிப்பது வேறு, நோயைக் கண்டுபிடிப்பது வேறு. இது தெரியாமல் செய்யும் பரிசோதனை காசுக்குக் கேடு.

இந்த வைரஸ்களில் பல முதலில் எலக்ட்ரான் நுண்ணோக்கியில்தான் தென்பட்டன. வான்கோழி எச்சத்தில் ஆஸ்ட்ரோ வைரஸைக் கண்டதாக 1980இல் ஆய்வறிக்கை வந்தது. எச்சத்தில் வைரஸ் ஏராளமாக இருந்தால்தான் அந்தக் கருவியில் தெரியும். பிறகு வந்த பி.சி.ஆர். பரிசோதனை, வைரஸின் மரபணுத் துணுக்கு மிகக் கொஞ்சம் இருந்தாலும் பிடித்துவிடுகிறது. அந்தக் கூர்மையே ஒரு சிக்கலைக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் 2005, 2006ஆம் ஆண்டுகளில் கோழி, வான்கோழிப் பண்ணைகளில் எடுத்த மாதிரிகளை ஆராய்ந்தபோது, வளர்ச்சி குன்றிய மந்தைகளில் மட்டுமல்லாமல் நன்றாக வளர்ந்த மந்தைகளிலும் இதே வைரஸ்கள் இருந்தன. பல மந்தைகளில் ஒன்றுக்கு மேற்பட்டவை சேர்ந்தே இருந்தன. ஆகவே ‘பாசிட்டிவ்’ என்ற ஒற்றைச் சொல்லை நம்பிக் குற்றவாளியைத் தீர்மானிக்க முடியாது.

அந்தச் சொல்லுக்குப் பொருள் கொடுப்பவை வேறு மூன்று விவரங்கள். முதலாவது, அளவு: கொரோனா காலத்தில் நாம் கேள்விப்பட்ட சி.டி. மதிப்பு இங்கேயும் உதவும்; அது குறையக் குறைய மாதிரியில் வைரஸ் அதிகம். இரண்டாவது, வயது: முதல் வாரத்துக் குஞ்சில் தெரியும் தொற்றும், விற்பனைக்குத் தயாரான கோழியில் தெரியும் தொற்றும் ஒன்றல்ல. மூன்றாவது, திசு: குன்றிய குஞ்சின் சிறுகுடலை நுண்ணோக்கியில் பார்த்தால் குடலுறிஞ்சிகள் தேய்ந்து, அவற்றின் அடியிலுள்ள சுரப்பிக் குழிகள் நீர்க்கட்டி போல வீங்கியிருக்கும். அதே பேட்சில் நன்றாக வளர்ந்த குஞ்சிடமும் மாதிரி எடுத்து ஒப்பிட்டால்தான் இம்மூன்றும் பேசும்.

இந்த வைரஸ்களுக்கென்று மருந்து இல்லை, பிறகு கண்டுபிடித்து என்ன பயன் என்ற கேள்வி நியாயமானது. பயன் இருக்கிறது. இரத்தக்கழிச்சல், பாக்டீரியாத் தொற்று, தீவனத்தில் உப்பு மிகுதல் எனப் பல காரணங்களாலும் எச்சம் இளகும். காரணம் தெரியாதபோது கை முதலில் ஆன்டிபயாடிக் புட்டிக்குத்தான் போகும். வைரஸை அது ஒன்றும் செய்யாது. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களைத்தான் வளர்க்கும். அந்த அச்சத்தால்தான் இந்திய அரசு 2019இல் கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கோழிகளுக்கென்று தயாரிப்பதையும் விற்பதையும் தடை செய்தது. மேலும், இந்த வைரஸ்களுக்குக் கொழுப்பு உறை கிடையாது. சோப்புக்கு எளிதில் மசியாமல் கூளத்தில் நெடுநாள் தங்கும். அடுத்தடுத்த பேட்சுகளில் ஒரே வைரஸ் மிகுந்த அளவில் தெரிந்தால், பழைய கூளத்தை முழுதாக அகற்றி, கொட்டகையைக் கழுவிக் கூடுதல் நாள் காலியாக விடுவதற்கு அதுவே ஆதாரம். ரியோவும் ஆஸ்ட்ரோவும் முட்டை வழியாகவும் வரக்கூடும் என்பதால், பொரிப்பகத்தையும் தாய்க்கோழி மந்தையையும் விசாரிக்க அதே முடிவு வழிகாட்டும்.

செலவு கட்டுப்படியாகாது என்பார்கள். எல்லாக் கொட்டகைக்கும் எல்லா வாரமும் பி.சி.ஆர். தேவையே இல்லை. பல குஞ்சுகளின் மாதிரிகளை ஒன்றாகச் சேர்த்துப் பரிசோதித்தால் செலவு குறையும். எப்போது அனுப்புவது என்பதைத் தராசு சொல்லும்: நல்ல குஞ்சு ஏழாம் நாளில் பொரித்த எடையைப் போல நான்கு மடங்கைத் தாண்டிவிடும். தாண்டாத குஞ்சுகள் கூடும் அந்த வாரமே மாதிரி எடுக்க வேண்டும். இருபத்தைந்தாம் நாள் வரை காத்திருந்தால், குடலைக் கெடுத்த வைரஸ் அடங்கிப்போய், அது விட்டுச்சென்ற எடைக்குறைவு மட்டுமே மிஞ்சியிருக்கலாம்.