சோதனைக்குழாயில் பிறக்கும் விதைக்கிழங்கு

மண்சரிவினாலோ வேறு காரணத்தினாலோ பழைய இடத்தை விட்டு வந்து, புதிதாகக் கிடைத்த ஏழு பேர்ச்சிலோ பத்துப் பேர்ச்சிலோ உருளைக்கிழங்கு நட எண்ணும் குடும்பங்கள் பெரும்பாலும் முதலில் விசாரிப்பது பசளையைப் பற்றித்தான். அதற்கு முன் விசாரிக்க வேண்டியது விதைக்கிழங்கை. ஏக்கருக்கு ஏறத்தாழ 800 கிலோ விதைக்கிழங்கு தேவை. பேர்ச்சுக் கணக்கில் பார்த்தால் ஒரு பேர்ச்சுக்கு 5 கிலோ, ஏழு பேர்ச்சுக்கு 35 கிலோ. கடன்பட்டு வாங்கும் அந்த மூட்டையோடு நோயும் சேர்ந்து வந்தால், புதுக் காணியில் பல ஆண்டுகளுக்குக் கிழங்கே நட முடியாமற் போகலாம்.

நெல்லைப் போல உருளைக்கிழங்கை நாம் வித்திலிருந்து வளர்ப்பதில்லை; கிழங்கையே நடுகிறோம். ஆகவே தாய்ச்செடியில் உள்ள நோய் அப்படியே பிள்ளைக்கும் போகிறது. இலைச்சுருள் வைரசு போன்றவற்றை அழுக்கணவன் பூச்சி செடிக்குச் செடி பரப்புகிறது. வைரசு புகுந்த செடியைக் குணமாக்கத் தெளிமருந்து எதுவும் இல்லை. "விதை பழசாகிவிட்டது, காய்ப்புக் குறைந்துவிட்டது" என்று சொல்கிறோமே, பெரும்பாலும் அதற்குக் காரணம் இந்த வைரசுகளே.

இதற்கு வழி கண்டவர்கள் மொறெல், மார்ட்டின் என்ற இரு பிரெஞ்சு விஞ்ஞானிகள். நோயுற்ற செடியிலும் அதன் வளரும் நுனியில் வைரசு அநேகமாக இருப்பதில்லை. 1952இல் டேலியாப் பூச்செடியிலும், 1955இல் உருளைக்கிழங்கிலும் அந்த நுனியை மட்டும் வெட்டி வளர்த்து, நோயற்ற செடிகளைப் பெற்றார்கள். ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த துண்டு அது. உருப்பெருக்கியின் கீழ் வெட்டி, கண்ணாடிக் குழாயில் சீனியும் உப்புகளும் சேர்ந்த ஏகார்க் களியில் வைத்தால் சிறு செடியாகிறது. இதுவே இழைய வளர்ப்பு. பின்னர் அச்செடியைக் கணுக்கணுவாக வெட்டி வெட்டிப் பெருக்கலாம். மாதம் ஒருமுறை ஒன்று நான்காகுமென்று வைத்துக்கொண்டால், ஆறு மாதத்தில் 4,096 செடிகள்!

நுவரெலியாவுக்கு அருகே சீதாஎலிய விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் விவசாயத் திணைக்களம் இந்த வேலையைச் செய்து வருகிறது. குழாய்ச் செடிகள் வலைக்கூடாரத்தில் சிறு கிழங்குகளைத் தருகின்றன. அவற்றை விதைப் பண்ணைகளில் சில போகம் பெருக்கிய பிறகே விவசாயியின் கைக்கு வருகிறது. ஒவ்வொரு போகமும் வெளி நிலத்தில் வளரும்போது வைரசு மீண்டும் சிறிது சிறிதாக ஏறும். எனவே விதை வாங்கும்போது இனத்தின் பெயரைக் கேட்பதோடு, அது எத்தனையாவது தலைமுறை என்றும் கேளுங்கள்.

இது பரம்பரை அலகை மாற்றும் வேலையன்று. கிரனோலா இனம் கிரனோலாவாகவே இருக்கும். ஆகையால் இலை கருகும் நோயைத் தாங்கும் புதுச்சக்தியும் அதற்கு வந்துவிடாது.

பற்றீரியா வாடல் நோயிடமும் இந்த விதை தோற்றுப்போகும். அது மண்ணில் ஆண்டுக்கணக்கில் தங்கும். நோயுள்ள மண்ணில் நட்டால் எவ்வளவு சுத்தமான விதையும் வாடும். குளிர் கூடிய இடத்தில் செடி வாடாமலே கிழங்கினுள் மறைந்திருக்கவும் கூடும். செடி திடீரென்று வாடினால், அடித்தண்டில் ஒரு விரல் நீளம் வெட்டி, கண்ணாடிக் கிளாசிலுள்ள தெளிந்த நீரில் நுனி படத் தொங்கவிடுங்கள். சில நிமிடங்களில் பால்போன்ற நூல் கீழே இறங்கினால் அது வாடல் நோயே. அந்தச் செடியைக் கிழங்கோடும் சுற்றியுள்ள மண்ணோடும் அகற்ற வேண்டும். அந்த நிலத்தில் தக்காளி, கத்தரி, மிளகாயும் வேண்டாம், அவை இதே குடும்பம். கோவா, லீக்ஸ், கரட் நடலாம். நுவரெலியா மண்ணில் கூட்டு வட்டப்புழுவும் உண்டு. ஆகையால் மண் ஒட்டிய கிழங்கையோ, பிறர் தோட்டத்து மண்வெட்டியையோ கழுவாமல் காணிக்குள் கொண்டுவராதீர்கள்.

வியட்நாமின் தலாத் மலைப்பகுதியில் 1980ஆம் ஆண்டளவில் விவசாயக் குடும்பங்களே குழாய்ச் செடிகளை வீட்டில் பெருக்கி, நுனித்துண்டுகளை வேர்விடச் செய்து அயலவருக்கு விற்றன. கென்யாவிலும் இப்போது வேர்விட்ட நுனித்துண்டுகள் விவசாயிகளுக்குக் கிடைக்கின்றன. எமது தோட்டங்களில் இது நடவாததற்குத் திறமையின்மை காரணம் என்று நான் நினைக்கவில்லை. காணி உறுதி இல்லாத குடும்பம் எந்தப் பட்டியலிலும் விவசாயியாக இடம்பெறுவது கடினம் என்பதே பெரிய தடை. பத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஒரு சிறு வலைக்கூடாரம் கேட்டு, கமநல சேவை நிலையத்துக்கும் விவசாயப் போதனாசிரியருக்கும் எழுத்தில் விண்ணப்பிக்கலாம். தனியே போவதைவிடக் குழுவாகப் போனால் மறுப்பது கடினம்.

அதுவரை செலவில்லாத ஒரு வேலை உண்டு. பூக்குமுன் நிலத்தைச் சுற்றிப் பார்த்து, இலை சுருளாத, புள்ளி விழாத, நல்ல உயரமான செடிகளுக்கு அருகே குச்சி ஊன்றுங்கள். இரண்டு கிழமை கழித்து மறுபடி பார்த்து, நோய் தென்பட்ட செடியின் குச்சியைப் பிடுங்கிவிடுங்கள். அறுவடையில் குச்சியுள்ள செடிகளை முதலில் கிண்டி, அவற்றின் கிழங்கை வேறு சாக்கில் போடுங்கள். அடுத்த போகத்துக்கு அதுவே விதை. சந்தைக்கு மற்றச் சாக்கு போகட்டும்.