கோலப் புள்ளியும் கணிப்பொறியும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., கணிதம்)

கணிப்பொறி நிரல் பயிலத் தொடங்குவோரை முதலில் மிரட்டுவது 'சுற்றுக்குள் சுற்று' என்னும் பாடமே. வகுப்பில் கேட்கக் கூசி, புரிந்தவள் போல் நானும் தலையாட்டினேன். பள்ளிப் படியேறாத என் தாயார்தான், தாம் அறியாமலேயே அதனை எனக்கு விளக்கினார்கள்.

தியாகராய நகரில் எங்கள் வீட்டு வாசல் மிகச் சிறியது. மார்கழி விடியலில், கடைத்தெரு விழிக்குமுன் அம்மா அங்கே கோலமிடுவார்கள். "ஏழு புள்ளி, நாலு வரை, இடைப்புள்ளி" என்பார்கள். அதாவது நடுவரிசையில் 7 புள்ளிகள். அதற்கு மேலும் கீழும், இடைவெளிக்கு நேராகப் புள்ளி வைத்து, 6, 5, 4 எனக் குறையும் வரிசைகள். மொத்தம் 7 வரிசை, 37 புள்ளி.

இதனைக் கணிப்பொறிக்கு எவ்வாறு சொல்வது? அம்மா நடுவரிசையில் தொடங்குவார்கள். கணிப்பொறியோ மேலிருந்து கீழாக வரிவரியாக அச்சிடும். ஆகவே 4, 5, 6, 7, 6, 5, 4 என்று செல்ல வேண்டும். வரிசைகளை எண்ணுவது வெளிச்சுற்று. அது 7 முறை சுழலும். ஒவ்வொரு முறையும் அதனுள்ளே இரண்டு உட்சுற்றுகள் அடுத்தடுத்து நடைபெறும். முதலாவது வெற்றிடங்களை இடும். இரண்டாவது, புள்ளியும் அதையடுத்து ஒரு வெற்றிடமுமாக இட்டுச் செல்லும். பின்னரே அடுத்த வரி.

முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' என்னும் தமிழ் நிரல்மொழியில், இரவல் மடிக்கணினியில் இதனை எழுதினேன். அதில் அச்சிடும் ஆணை 'பதிப்பி'. சுற்றை மூடும் சொல் 'முடி'. ஆனால் முதல் உட்சுற்றை மறந்துவிட்டேன். புள்ளிகளெல்லாம் இடப்பக்கமே ஒட்டிக்கொண்டன. எட்டிப் பார்த்த அம்மா, "வரிசைக்கு வரிசை தள்ளி ஆரம்பிக்கணும்டி!" என்றார்கள். எவ்வளவு தள்ளி? 7இலிருந்து அவ்வரிசையின் புள்ளிகளைக் கழித்தால் வருவதே விடை: 4 புள்ளிக்கு 3 வெற்றிடம், 7 புள்ளிக்கு ஒன்றுமில்லை.

தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரிப் பேராசிரியர்கள் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர் கமலா கிருதிவாசனுடன் இணைந்து, கோலங்களை இலக்கண விதிகளாக எழுதிக் காட்டும் ஆய்வுக் கட்டுரையை 1974இலேயே வெளியிட்டனர். அதை அறிந்தபோது எனக்குப் பெருமிதம் உண்டாயிற்று.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆனால் கணக்கு எனக்கு முன்பே எங்கள் வாசலுக்கு வந்துவிட்டது. நண்பர்களே, பாடம் புரியாதபோது வீட்டிலுள்ளோரின் கைகளையும் சற்றே உற்று நோக்குங்கள்!