ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் எட்டிப் பார்க்காத அம்மாபேட்டை

ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் சேலத்தில் இறங்கிச் சாப்பிட்டுவிட்டு மலையேறிவிடுகிறார்கள். நகருக்குள்ளேயே இருக்கும் அம்மாபேட்டையை எட்டிப் பார்ப்பவர்கள் அபூர்வம். புவிசார் குறியீடு பெற்ற சேலம் வெண்பட்டின் பேரைக் காப்பாற்றிவரும் நெசவாளர் பகுதிகளில் அதுவும் ஒன்று. இங்கே கைத்தறிச் சுற்றுலா வரலாமா? வரலாம். எது முதலில், எது பிறகு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சுற்றுலாத் தலங்களுக்கும் ஆயுள் உண்டு என்று 1980-இல் எழுதினார் புவியியலாளர் ரிச்சர்ட் பட்லர். முதலில் ஓரிருவர் தேடி வருவார்கள். ஊர்க்காரர்கள் சோறும் தங்க இடமும் கொடுப்பார்கள். பிறகு வெளியார் முதலீடு வரும், கூட்டம் பெருகும், ஒருநாள் தேங்கும். அதன்பின் சரிவு, இல்லையென்றால் புத்துயிர். வெளியார் பணம் நுழையும் கட்டத்தில்தான் ஊரின் பிடி தளர்கிறது.

செட்டிநாட்டில் பூட்டிக் கிடந்த பெரிய வீடுகள் சில, விடுதிகளானதால் பிழைத்தன. ஆத்தங்குடித் தரைக்கற்களுக்கும் கிராக்கி வந்தது. கட்டடத்தை அப்படிக் காப்பாற்றிவிடலாம். நெசவை முடியாது, அதற்கு அன்றாடம் தறியில் உட்கார ஆள் வேண்டும். 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நாட்டின் நெசவாளர் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் கீழே. அந்த வருமானத்தை நம்பி எந்தப் பிள்ளை தறிக்கு வரும்?

குழித்தறியில் காலை உள்ளே விட்டு மிதித்தபடி நெய்கிறவருக்குக் கூலி, நெய்த துணிக்குத்தான். விருந்தினருக்கு அச்சையும் விழுதையும் விளக்கும் அரை மணி நேரம் அவர் கூலியில் விழும் ஓட்டை. பக்கத்தில் ராட்டையில் தார் சுற்றும் பெண்ணுக்கும் அப்படியே. ஆகவே பார்வைக் கட்டணம் என்று ஒன்று வைத்தால், அது பேருந்து ஏற்பாட்டாளரிடம் தங்காமல் அந்த வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். இன்னொன்று: பாவை விரித்து அறுந்த இழைகளைப் பிணைக்க நீண்ட வீதி வேண்டும், அதையும் வெயில் ஏறுமுன் முடித்தாக வேண்டும். அங்கே நான்கு வேன் நின்றாலே அன்றைய வேலை கெட்டது. வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டுச் சிறு குழுவாக நடந்து வரட்டும்.

தெலங்கானாவின் போச்சம்பள்ளியை 2021-இல் ஐ.நா. உலகச் சுற்றுலா அமைப்பு சிறந்த சுற்றுலாக் கிராமங்களில் ஒன்றாகத் தேர்ந்தெடுத்தது. அதற்கு வெகுகாலம் முன்பே அந்த ஊர் இக்கத் சேலைக்குப் பேர் வாங்கியிருந்தது. நெசவு முந்தியது, பட்டம் பிந்தியது. ஆனால் அந்த வடிவங்களையே அச்சடித்த மலிவுத் துணியும் சந்தையில் தாராளம். அசல் எது என்று தெரியாத பயணி போலியை வாங்கிப் போனால், சுற்றுலாவே நெசவாளருக்குப் போட்டியை வளர்த்துவிடும்.

சேலத்தில் 1960 முதல் இயங்கும் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் இதில் பெரிய துணை. நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அங்கே வழிகாட்டிப் பயிற்சி கொடுக்கலாம். கைத்தறித் துணியை இனங்காண்பது எப்படி என்று அவர்களே பயணிகளுக்குக் காட்டட்டும். விற்பனை கூட்டுறவுச் சங்கத்தின் ரசீதோடு நடக்கட்டும். விடுதி, வளைவு, விளம்பரப் பலகையெல்லாம் அதற்குப் பிறகு.