எச்.ஐ.வி. பணியில் உள்ளூர் அமைப்புகள்

44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை திண்டுக்கல்லை ஒட்டிச் செல்கிறது. ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து காய்கறி லாரிகள் கேரளத்திற்குப் புறப்படுகின்றன. வந்து போவோர் மிகுந்த இத்தகைய பகுதிகளில் எச்.ஐ.வி. பற்றிய விழிப்பு மிகவும் தேவை. அரசு மருத்துவமனைகளிலோ பரிசோதனையும் இலவசம், மருந்தும் இலவசம். அப்படியிருக்க, உள்ளூர்த் தொண்டு அமைப்புகள் எதற்கு? அவற்றை வலுப்படுத்த வேண்டும் என்று ஏன் கூறுகிறார்கள்?

விடை காண, முதலில் கிருமியின் இயல்பை அறிய வேண்டும்.

வாழ்நாள் சிகிச்சை

எச்.ஐ.வி., நோயை எதிர்த்து நிற்கும் சி.டி.4 என்னும் வெள்ளணுக்களை அழிக்கிறது. ஏ.ஆர்.டி. எனப்படும் கூட்டு மருந்துச் சிகிச்சை கிருமியின் பெருக்கத்தைத் தடுக்கிறது. ஆனால் அதை அடியோடு ஒழிப்பதில்லை. எனவே மருந்தை வாழ்நாள் முழுவதும் உட்கொள்ள வேண்டும். இடையிடையே நிறுத்தினால், மருந்துக்கு மசியாத கிருமிகள் பெருகும். தவறாது உட்கொண்டு, சோதனையில் தென்படாத அளவுக்குக் கிருமி குறைந்து, அந்நிலை நீடித்தால், உடலுறவின் வழியே அது பிறருக்குப் பரவுவதில்லை.

நம்பிக்கை மையத்தில் பரிசோதனை, முடிவைப் பெறுதல், ஏ.ஆர்.டி. மையத்தில் பதிவு, மாதந்தோறும் மாத்திரை என இது ஒரு சங்கிலி. நத்தம் பக்கத்துச் சிற்றூர்க் கூலித் தொழிலாளி ஒருவர் மாத்திரைக்காக நகருக்கு வந்தால் ஒரு நாள் கூலி போய்விடும். தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடுவோமோ என்ற அச்சம் வேறு. அவர் வராமல் நின்றுவிட்டால், மருத்துவர் வீடு தேடிப் போக இயலாது. பிறர் அறியாமல் சென்று பேசி அழைத்துவர, அவருடைய நம்பிக்கையைப் பெற்ற ஒருவர் வேண்டும். உள்ளூர் அமைப்பின் வேலை இதுவே.

தமிழகத்தின் அனுபவம்

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது சென்னையில்தான். 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் அதைக் கண்டறிந்தனர். 1994இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் அமைந்தது. 1995இல் ‘அபாக்’ என்ற திட்டம் தொடங்கியது. பணம் அமெரிக்க அரசின் யு.எஸ்.எய்ட் நிறுவனத்தினுடையது, பொறுப்பேற்றதோ சென்னையிலுள்ள வாலன்டரி ஹெல்த் சர்வீசஸ் என்னும் தொண்டு மருத்துவ நிறுவனம். அது தமிழகமெங்கும் உள்ளூர் அமைப்புகளைத் தேர்ந்தெடுத்து, நிதியுடன் பயிற்சியும் அளித்தது. 1997இல் தொற்றுடையோரே ஒன்றுகூடித் தமக்கென ஓர் அகில இந்தியக் கூட்டமைப்பைச் சென்னையில் தோற்றுவித்தனர்.

தென் மாநிலங்களில் 15 முதல் 24 வயதுவரையுள்ள பெண்களிடையே தொற்று 2000இல் 1.7 விழுக்காடாக இருந்தது, 2004இல் 1.1 விழுக்காடாகக் குறைந்தது. இதற்குக் காரணங்கள் பல. உள்ளூர் அமைப்புகளின் உழைப்பும் அவற்றுள் ஒன்று எனலாம்.

எது வலிமை?

பெரிய கட்டிடமும் வண்டியும் வலிமை ஆகா. முதலாவது, ஆட்கள். அதே சமூகத்திலிருந்து வந்து பயிற்சி பெற்றவரைச் ‘சகக் கல்வியாளர்’ என்பர். சுமார் 60 பேருக்கு ஒருவர் என்பது பொது அளவு. 600 பேருக்குப் பொறுப்பான அமைப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதற்குப் பத்துப் பேர் தேவை. ஊதியம் தாமதமாகி மூவர் விலகினால், 180 பேரைப் பார்க்க ஆளில்லை!

இரண்டாவது, கணக்கு. தனி வங்கிக் கணக்கு, ஒவ்வொரு செலவுக்கும் ரசீது, ஆண்டுத் தணிக்கை ஆகியவை இல்லாத அமைப்பை எந்த அரசும் நம்பாது.

மூன்றாவது, இரகசியம் காத்தல். ஒரு பதிவேடு வெளியே கசிந்தால் ஒரு குடும்பமே ஊரில் தலைகாட்ட முடியாமல் போகலாம். ஒருவருடைய ஒப்புதலின்றிப் பரிசோதிப்பதையும் அவருடைய நிலையை வெளியிடுவதையும் 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. எய்ட்ஸ் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது.

பணம் நின்றால்?

நான்காவது, சொந்தக் காலில் நிற்கும் திறன். 2020இல் திருத்தப்பட்ட வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்படி, அந்நன்கொடையைப் பெறும் நிறுவனம் அதை வேறொரு நிறுவனத்திற்குப் பிரித்துக் கொடுக்க இயலாது. நன்கொடையில் 20 விழுக்காட்டுக்கு மேல் நிர்வாகத்திற்குச் செலவிடவும் கூடாது. அமெரிக்கா 2025 ஜனவரியில் வெளிநாட்டு உதவிகளை நிறுத்திவைத்தபோது, ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் எச்.ஐ.வி. பணிகள் தடைப்பட்டன. அவ்வாண்டு ஜூலையில் யு.எஸ்.எய்ட் நிறுவனத்தின் செயற்பாடே முடிவுக்கு வந்தது. நன்கொடைக்குக் காலவரை உண்டு. மாத்திரைக்கு அது கிடையாது. ஆகவே அமைப்பின் ஆயுள் நன்கொடையின் ஆயுளோடு முடிந்துவிடலாகாது.

திண்டுக்கல் வட்டாரத்திற்கு இப்பாடம் புதிதன்று. 1947இல் டாக்டர் சௌந்தரம் இராமச்சந்திரன் முயற்சியால் காந்திகிராமம் உருவாயிற்று. 1959இல் ஆத்தூர் வட்டாரத்தில் முன்னோடிச் சுகாதாரத் திட்டம் தொடங்கியது. 1964இல் ஏற்பட்ட காந்திகிராம ஊரக நல, குடும்ப நல நிறுவனம் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி அளித்தது. மக்களிடையே பணிபுரிவோரை முறையாகப் பயிற்றுவிக்க வேண்டும் என்ற எண்ணம் இங்கு அன்றே வேரூன்றியது.

எச்.ஐ.வி. பணிக்கும் அது பொருந்தும். மருந்தைக் கண்டுபிடித்தது ஆய்வுக்கூடம், வழங்குவது அரசு. அம்மருந்து முப்பது நாற்பது ஆண்டுகள் நாள் தவறாமல் ஒருவர் கைக்குச் சேர, அத்தனை ஆண்டுகளும் அவர் ஊர்ப்பக்கம் நிலைத்து நிற்கும் ஓர் அமைப்பு வேண்டும்.