தோள் வலியைப் பொறுத்துக் கொள்ளலாமா?

மாலை வேளையில் தோட்டத்துத் திடலில் பூப்பந்தும் கைப்பந்தும் ஆடி மகிழ்வது நல்ல பழக்கமாகும். ஆயினும், கையைத் தலைக்கு மேல் உயர்த்தி ஓங்கி அடிக்கும் இவ்வாட்டங்களில் தோளுக்கு ஓர் இடர் உண்டு. அதனை ஆட்டக்காரர் மட்டுமன்றி, கையை நம்பி உழைக்கும் அனைவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

தோள்மூட்டு, ஆழமற்ற சிறு தட்டின்மேல் பந்தை வைத்தாற்போல் அமைந்துள்ளது. ஆகவேதான் கையை எத்திசையிலும் சுழற்ற முடிகிறது. அப்பந்து நழுவாதபடி நான்கு தசைகள் அதனைச் சூழ்ந்து பிடித்துள்ளன. அத்தசைகளை எலும்போடு இணைக்கும் உறுதியான நார்க்கற்றைகளே தசைநாண்கள். போதிய ஓய்வின்றி மீண்டும் மீண்டும் ஓங்கி அடிக்கும்போது, பழைய பழுது சீராகுமுன் புதிய பழுது சேர்கிறது. நாளடைவில் தசைநாண் நைந்து, சில வேளைகளில் கிழிந்தும் விடுகிறது.

கையைப் பக்கவாட்டில் உயர்த்தும்போது வலித்தல், வலியுள்ள பக்கம் படுத்தால் உறக்கம் கலைதல், கை வலுக்குறைதல் ஆகியன இதன் அறிகுறிகள்.

இந்நிலையில் நம்மில் பலர் இரண்டு தவறுகளைச் செய்கிறோம். ஒன்று, வலியைப் பொறுத்துக் கொண்டு ஆடுவது. மற்றொன்று, கையை அசைக்காமலே வாரக்கணக்கில் கட்டி வைப்பது. முன்னது பழுதைப் பெருக்கும். பின்னது மூட்டை இறுகச் செய்யும். கிழிந்த தசைநாணை அழுத்தி உருவி ஒட்ட வைக்கவும் இயலாது.

அவ்வாறாயின் செய்ய வேண்டுவது யாது? வலி தரும் அசைவுகளை முதலில் குறைக்க வேண்டும். பனிக்கட்டியைத் துணியில் சுற்றி 15 நிமிடம் ஒத்தடம் கொடுக்கலாம். வலி தணிந்ததும், முன்புறம் குனிந்து கையைத் தொங்கவிட்டு மெதுவாக ஊசலாட்ட வேண்டும். அடுத்து, முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, ரப்பர்ப் பட்டையை வெளிப்புறமாக இழுத்துப் பழக வேண்டும். நம் தோட்டத்துப் பால் தரும் ரப்பரே இங்கு மருந்தாகிறது! பளுவைச் சிறிது சிறிதாகக் கூட்டினால்தான் தசைநாண் வலுப்பெறும். இதற்குப் பல வாரங்கள், ஏன், பல மாதங்கள்கூட ஆகலாம். இப்பயிற்சிகளை மருத்துவரிடமோ உடலியக்கப் பயிற்சியாளரிடமோ கேட்டறிந்து செய்வதே நன்று.

பொறுமையின் பயனுக்கு ரஷ்ய டென்னிஸ் வீராங்கனை மரியா ஷரபோவா ஒரு சான்று. தோள் தசைநாண் கிழிந்ததால் 2008 அக்டோபரில் அவர் அறுவைச் சிகிச்சை செய்து கொண்டார். 2009 மே மாதத்தில்தான் ஒற்றையர் ஆட்டத்திற்குத் திரும்பினார். அப்போது தரவரிசையில் நூறு இடங்களுக்கும் கீழே இருந்தார். மனந்தளராது உழைத்து, 2012இல் பிரெஞ்சுப் பொதுப் போட்டியில் வென்று, உலகின் முதல்நிலை ஆட்டக்காரராக மீண்டும் விளங்கினார்.

எல்லோருக்கும் அறுவைச் சிகிச்சை தேவைப்படுவதில்லை. ஆயினும், கீழே விழுந்தபின் கையை உயர்த்த இயலாவிட்டாலோ, தோளின் வடிவம் மாறினாலோ, காய்ச்சலோடு தோள் வீங்கினாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சில வாரங்களாகியும் வலி தணியாவிடினும் மருத்துவரை நாட வேண்டும்.

மரத்தின் மேற்பகுதியைக் கையுயர்த்தி வெட்டுவோர்க்கும் இதே தோள்வலி வரக்கூடும். வேலையின் தன்மையை மருத்துவரிடம் தெளிவாகக் கூறுங்கள். ஒரு மாலை ஆட்டத்தை விட்டுக் கொடுப்பது இழப்பன்று. உளி பிடிக்கும் கையைக் காப்பதே நம் குடும்பத்தைக் காப்பதாகும்.