நிறுத்தி வைத்த சைக்கிளுக்குச் சேதம் நேர்ந்தால்

கிராமத்தில் வாழ்வோர்க்குச் சைக்கிள் ஆடம்பரப் பொருளன்று. பாலைக் கறந்து கூட்டுறவுச் சங்கத்தில் கொண்டு சேர்ப்பவருக்கும், விடியற்காலையில் கீரைக்கட்டுடன் சந்தைக்குப் புறப்படுபவருக்கும், அடுத்த ஊர்ப் பள்ளிக்குச் செல்லும் மாணவிக்கும் அதுவே கால். அதுவே காலத்தை மிச்சப்படுத்தும் கருவி. 2011-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்போது நம் நாட்டுக் குடும்பங்களில் ஏறத்தாழ 45 விழுக்காட்டினரிடம் சைக்கிள் இருந்தது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடைபெற்றபோது, எழுத்துக் கற்ற கையோடு கிராமப் பெண்கள் பெருந்திரளாகச் சைக்கிள் ஓட்டவும் கற்றுக் கொண்டனர். அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்பில் பயில்வோர்க்குத் தமிழக அரசு விலையில்லாச் சைக்கிள் வழங்கி வருகிறது. ஆயுத பூசையன்று சந்தனமும் குங்குமமும் இட்டு, கைப்பிடியில் பூச்சூட்டி வைக்கும் அளவிற்கு நம் மக்கள் அதனைப் பேணுகிறார்கள்.

இவ்வாறு பேணும் வண்டியைப் பேருந்து நிறுத்தத்திலோ, சந்தைத் திடலிலோ நிறுத்திவிட்டுச் சென்று, மாலையில் திரும்பும்போது அது சாய்ந்து கிடக்கக் காண்பது பலருக்கும் நேரும் அநுபவமே. மட்கார்டு நசுங்கியிருக்கும், பெயிண்டு உரிந்திருக்கும், ஹாண்டில் பார் திரும்பியிருக்கும். செய்தவர் யாரென்று தெரியாது. அந்த நேரத்தில் சிலர் அங்கிருப்போரிடமெல்லாம் சினந்து பேசுகின்றனர். வேறு சிலர், "ஓடினால் சரி" என்று வண்டியைத் தட்டிவிட்டு ஏறிச் செல்கின்றனர். இரண்டும் நன்மை தருவன அல்ல. முன்னது ஊர் உறவைக் கெடுக்கும்; பின்னது உயிருக்கே ஊறு விளைவிக்கக் கூடும். செய்யத்தக்கது யாது என்பதை இங்கே முறையாகக் காண்போம்.

சேதம் நேருவது எவ்வாறு?

நின்ற வண்டி கீழே விழுவதற்குப் பெரும்பாலும் எவருடைய தீய எண்ணமும் காரணமன்று. ஒற்றைக்கால் ஸ்டாண்டு ஈர மண்ணில் சிறிது சிறிதாகப் புதைகிறது. ஆடிக்காற்று பக்கவாட்டில் தள்ளுகிறது. கேரியரில் விட்டுச் சென்ற சுமை ஒரு பக்கமாகச் சரிகிறது. ஆடுமாடுகள் உராய்ந்து செல்கின்றன. ஒன்றோடொன்று நெருக்கி நிறுத்திய வண்டிகளில் ஒருவர் தம் வண்டியை இழுக்கும்போது, அடுத்தவர் வண்டியின் பெடல் சிக்கி, வரிசை முழுதும் சாய்கிறது. பின்னோக்கி வரும் வேனோ டிராக்டரோ இடித்துவிடுவதும் உண்டு. இவற்றுள் எது நிகழ்ந்தது என்று ஊகிப்பது, யாரையேனும் பிடிப்பதற்காக அன்று. எந்த உறுப்பைச் சோதிக்க வேண்டும் என்பதை அறிவதற்காகவே. தானாகச் சாய்ந்த வண்டியில் ஹாண்டில் பாரும் பெடலும் அடிபட்டிருக்கும். வாகனம் இடித்த வண்டியிலோ சக்கரமும், முன்போர்க்கும், சட்டமும் கெட்டிருக்கக் கூடும்.

ஏறுமுன் ஐந்து நிமிடம்

விழுந்த வண்டியை நிமிர்த்தியவுடன் அதன் மீது ஏறுதல் கூடாது. ஐந்து நிமிடம் செலவிட்டுக் கீழ்க்கண்ட வரிசையில் சோதித்தல் வேண்டும்.

முதலாவது சக்கரம். வண்டியைத் தூக்கி, முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் தனித்தனியே சுழற்றிப் பார்க்கவும். நேராகச் சுழலாமல் பக்கவாட்டில் ஆடினால் கோட்டம் விழுந்திருக்கிறது என்று பொருள். ஸ்போக் கம்பிகளை விரலால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கவும். தளர்ந்த கம்பி மந்தமாக ஒலிக்கும். பழைய மாதிரிச் சைக்கிளில் முன்சக்கரத்தில் 32, பின்சக்கரத்தில் 40 ஆக 72 கம்பிகள் இருப்பது வழக்கம். ஒரு கம்பி அறுந்தால் அதன் பாரம் அண்டையிலுள்ள கம்பிகளின் மேல் விழுகிறது. நாளடைவில் அவையும் அறுகின்றன. அறுந்த கம்பி தொங்கிக்கொண்டு சட்டத்தில் மாட்டாதவாறு, அடுத்த கம்பியோடு சுற்றி வைத்துவிட்டு மெதுவாக ஊர் வந்து சேரலாம். மறுநாளே புதுக்கம்பி போட்டுக் கோட்டம் எடுத்துவிட வேண்டும்.

இரண்டாவது பிரேக். லீவரை நன்கு அழுத்திக்கொண்டு வண்டியை முன்னே தள்ளவும். சக்கரம் உருளாமல் பிடிக்க வேண்டும். கம்பிப் பிரேக் உள்ள வண்டிகளில், ஹாண்டில் பார் திரும்பும்போது பிரேக் கம்பிகள் வளைந்து, பிரேக் கட்டை ரிம்மில் ஒருபுறம் மட்டுமே படுவதுண்டு. கேபிள் பிரேக்காயின் கேபிள் உறையிலிருந்து நழுவியுள்ளதா என்று பார்க்கவும். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் சைக்கிள் ஒரே விநாடியில் நான்கு மீட்டருக்கு மேல் கடந்துவிடுகிறது. பிரேக் பிடிக்காத அந்த ஒரு விநாடியின் விலை என்னவென்று எண்ணிப் பார்த்தால், இந்தச் சோதனையின் அவசியம் விளங்கும்.

மூன்றாவது ஹாண்டில் பாரும் முன்போர்க்கும். ஹாண்டில் பார் திரும்பியிருந்தால், முன்சக்கரத்தை இரு முழங்கால்களுக்கிடையே இறுக்கிப் பிடித்துக்கொண்டு நேராகத் திருப்பலாம். பின்னர் அதன் போல்ட்டை இறுக்க மறக்கலாகாது. வண்டியைப் பக்கவாட்டிலிருந்து நோக்கி, முன்போர்க்கு பின்னோக்கித் தள்ளப்பட்டிருக்கிறதா என்று கவனிக்கவும். ஹாண்டில் பாருக்குக் கீழே சட்டக் குழாய்கள் சேரும் இடத்தில் பெயிண்டு வெடித்திருந்தாலோ, குழாயில் சுருக்கம் கண்டிருந்தாலோ, அது வெறும் கீறல் அன்று. சட்டமே மடங்கியதன் அறிகுறி. அத்தகைய வண்டியை உருட்டிக்கொண்டே செல்லுதல் நலம்.

நான்காவது பெடலும் செயினும். பெடலைப் பின்னோக்கிச் சுற்றிப் பார்க்கவும். கிராங்க் வளைந்திருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடத்தில் உராயும். செயின் கவர் நசுங்கியிருந்தால் கடகடவென ஒலிக்கும். அதனைக் கையாலேயே வெளியே இழுத்துவிடலாம். கியர் உள்ள வண்டி வலப்பக்கமாக விழுந்திருந்தால், பின்சக்கரத்தருகே உள்ள கியர் உறுப்பு உட்புறம் வளைந்துள்ளதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். வளைந்திருந்தால் அது ஓடும்போது ஸ்போக் கம்பிகளில் மாட்டி, சக்கரத்தைத் திடீரென நிறுத்திவிடும்.

அவசரமானதும் பொறுக்கக் கூடியதும்

இச்சோதனை முடிந்தபின் சேதத்தை இரு கூறாகப் பிரித்துக்கொள்ளலாம். சக்கரம், பிரேக், போர்க்கு, சட்டம், செயின் ஆகியவற்றில் நேர்ந்தவை ஓட்டுபவரின் பாதுகாப்பைப் பற்றியவை. இவற்றை ஒரு நாளும் தள்ளிப் போடலாகாது. மட்கார்டு நசுங்கல், பெயிண்டுக் கீறல், கிழிந்த சீட்டு உறை, கெட்ட பெல் ஆகியவற்றைச் சம்பளமோ பால் பணமோ வரும்வரை பொறுத்துச் சீர் செய்யலாம். விந்தை யாதெனில், நம் கண்ணில் முதலில் படுவதும் மனத்தை வருத்துவதும் இரண்டாம் வகையே. பளபளக்கும் மட்கார்டில் விழுந்த கீறலைப் பார்த்து வருந்துபவர், தளர்ந்த பிரேக்கைக் கவனியாது போகிறார்.

வளைந்த உறுப்பை நிமிர்த்துவதிலும் எச்சரிக்கை வேண்டும். எஃகால் ஆன மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு போன்றவற்றை நிமிர்த்திப் பயன்படுத்தலாம். ஆனால் ஒரு கம்பியைப் பலமுறை மடக்கி நிமிர்த்தினால் அது ஒடிந்துவிடுவதைக் கண்டிருக்கிறோம். ஆகவே உடல் பாரத்தைத் தாங்கும் உறுப்புகளை மீண்டும் மீண்டும் நிமிர்த்திக் கொண்டிராமல் மாற்றிவிடுவதே சிக்கனம். அலுமினியக் கலவையால் ஆன உறுப்புகளை நிமிர்த்தவே முயலக் கூடாது. பெடலைத் தாமே கழற்ற முற்படுவோர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: இடப்பக்கப் பெடலின் மரை எதிர்த்திசையில் வெட்டப்பட்டது. வழக்கம்போல் திருகினால் அது கழலாது, மேலும் இறுகும்.

கீறலைப் பொறுக்கலாம், துருவைப் பொறுக்கலாகாது

பெயிண்டு என்பது அழகுக்காக மட்டும் பூசப்பட்டதன்று. எஃகுக்கு அது தோல் போன்றது. பெயிண்டு உரிந்த இடத்தில் காற்றிலுள்ள பிராண வாயுவும் ஈரமும் இரும்புடன் சேர்ந்து துருவை உண்டாக்குகின்றன. உப்புக்காற்று வீசும் கடலோர ஊர்களில் இது இன்னும் விரைவாக நிகழும். துரு, பெயிண்டுக்கு அடியில் பரவிச் செல்லும் தன்மையுடையது. ஆதலால் நகக்கண் அளவான கீறல் ஒரு மழைக்காலத்தில் உள்ளங்கை அளவு விரிந்துவிடலாம்.

இதற்குச் செய்ய வேண்டியது மிகச் சிறிது. உரிந்த இடத்தை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, துணியில் சிறிது மண்ணெண்ணெய் தோய்த்துத் துடைக்க வேண்டும். நன்றாக உலர்ந்தபின் ரெட் ஆக்ஸைடு ஒரு பூச்சும், அது காய்ந்தபின் ஏற்ற நிறப் பெயிண்டு ஒரு பூச்சும் கொடுக்க வேண்டும். நிறம் சற்றே வேறுபட்டாலும் குற்றமில்லை. பெயிண்டு கிடைக்கும் வரையில் கீறலின் மேல் எண்ணெயோ மெழுகோ தடவி வைத்தால் ஈரம் அணுகாது. செயினுக்கு மட்டும் தேங்காய் எண்ணெய் முதலிய சமையல் எண்ணெய்களை விடலாகாது. அவை நாளடைவில் பிசின்போல் ஒட்டித் தூசியைச் சேர்க்கும். தையல் இயந்திர எண்ணெய் சில துளிகள் போதும்.

காற்று இறங்கியிருந்தால், பொருள் காணாமற் போனால்

டயரில் காற்று இல்லையெனில் உடனே பஞ்சர் என்று முடிவு கட்ட வேண்டாம். வால்வை விளையாட்டாகத் திறந்துவிட்டிருக்கலாம். அல்லது வால் டியூப் இற்றுப் போயிருக்கலாம். அது சில ரூபாயில் தீரும் குறை. ஆனால் காற்றில்லாத டயருடன் ஏறி ஓட்டினால், ரிம்முக்கும் தரைக்கும் இடையே டியூப் நசுங்கிப் பல இடங்களில் வெட்டுப்படும். சிறு செலவு பெருஞ்செலவாகும்.

பெல், டைனமோ போன்றவை களவு போயிருந்தாலும், வண்டியே காணாமற் போனாலும், காவல் நிலையத்தில் எழுத்து மூலம் தெரிவிக்கலாம். 2024-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளிலிருந்து நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ஆம் பிரிவு திருட்டைப் பற்றியது. ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைந்த பொருளை முதன்முறையாகத் திருடியவர், பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், சமூகப் பணி செய்யுமாறு தண்டிக்க அப்பிரிவு வகை செய்கிறது. எனினும் வண்டி நம்முடையது என்று மெய்ப்பிக்க அடையாளம் வேண்டும். சட்டத்தில், சீட்டுக்குக் கீழோ பெடல் அச்சின் அடியிலோ பொறிக்கப்பட்டுள்ள எண்ணை இன்றே ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து, வாங்கிய ரசீதையும் அதனுடன் வைத்துக்கொள்ளுதல் நன்று.

கடிந்துரைத்தால் விளைவது

இங்கே பெற்றோர்க்கு ஒரு வார்த்தை. பள்ளியில் நிறுத்திய வண்டி கீறலுடன் வீடு வந்தால், பிள்ளையைக் கடிந்து கொள்வது வழக்கமாக இருக்கிறது. அதன் பயன் யாது? அடுத்த முறை வண்டி விழுந்தால் பிள்ளை அதனை மறைத்துவிடுகிறான். கீறலை மறைப்பதில் கேடில்லை. தளர்ந்த பிரேக்கையும் வளைந்த போர்க்கையும் மறைத்தால் அதனால் வரும் துன்பம் பெரிது. அன்றியும், பெண் குழந்தையின் வண்டிக்குச் சேதம் வந்தவுடன் "இனி உனக்குச் சைக்கிள் வேண்டாம்" என்று நிறுத்திவிடும் வீடுகளும் உள்ளன. பேருந்து குறைந்த ஊர்களில் இதன் பொருள், "இனி உனக்குப் பள்ளி வேண்டாம்" என்பதாகவே முடியும். முப்பது ரூபாய்ச் சேதத்திற்கு ஒரு பெண்ணின் படிப்பை விலையாகக் கொடுப்பது நியாயமாகுமா? "வண்டி விழுந்தால் வந்து சொல், சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லி வைப்பதே அறிவுடைமை. மேலே கூறிய ஐந்து நிமிடச் சோதனையைப் பிள்ளைகள் தாமே செய்யப் பழக்கிவிட்டால், அது அவர்களுக்கு ஆயுள் முழுதும் உதவும்.

ஊராரிடத்தும் இவ்வாறே. கண்ணால் காணாத ஒன்றிற்காக அண்டை வீட்டுச் சிறுவன் மேல் பழி சுமத்தினால், மட்கார்டு நிமிர்ந்த பின்னும் மனக்கசப்பு நிமிராது. இடித்தவர் தாமாக வந்து ஒப்புக்கொண்டால், பழுது பார்த்த செலவைப் பெற்றுக்கொண்டு அத்துடன் மறந்துவிடுதல் பெருந்தன்மை.

ஊர் செய்ய வேண்டியது

ஒவ்வொருவரும் தம்மளவில் சிலவற்றைக் கடைப்பிடிக்கலாம். ஸ்டாண்டின் கீழ் ஒரு தட்டைக் கல்லை வைத்தால் அது மண்ணில் புதையாது. தென்னை மரத்தடியிலும், வண்டிகள் திரும்பும் மூலையிலும் நிறுத்தலாகாது. டயர் ரப்பர் வெயிலில் வெடிக்குமாதலால் நிழலைத் தேட வேண்டும். சுமையை இறக்கிவிட்டே செல்ல வேண்டும். சங்கிலிப் பூட்டைச் சக்கரத்தோடு மட்டுமன்றிச் சட்டத்தோடும் சேர்த்துக் கம்பத்தில் பூட்ட வேண்டும்.

இவையனைத்தினும் மேலானது, பேருந்து நிறுத்தத்திலும் பள்ளியிலும் பொதுவான சைக்கிள் நிறுத்தம் அமைப்பதே. வண்டிக்கு வண்டி 60 சென்டிமீட்டர் இடைவெளி விட்டால், ஆறு மீட்டர் நீளத்தில் பத்து வண்டிகள் நிற்கும். இறுகிய தரையும், சாய்த்துப் பூட்ட ஓர் இரும்புக் குழாய் வரிசையும், மேலே ஒரு கூரையும் இருந்தால் போதும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபையில் இதனை ஒரு தீர்மானமாகக் கொண்டு வரலாம். ஊருக்கு ஒரு நிறுத்தம் அமைந்துவிட்டால், காலையில் வண்டியை விட்டுச் செல்வோர் மாலை வரை கவலையின்றித் தம் வேலையைப் பார்க்கலாம்.

அதுவரையிலும், அதன் பின்னும், விழுந்த வண்டியை நிமிர்த்துங்கள், ஐந்து நிமிடம் சோதியுங்கள், பிறகு ஏறுங்கள்.